அப்பா எட்டு போட்டு 47 வருஷம் ஆகிறது

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், லைசென்ஸ் புதுப்பிக்கும் மேசைகளில் உட்கார்ந்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் இது எங்கள் அப்பாவைப் பற்றியது, அவர் இதைப் படிக்கவும் படிப்பார். படித்துக் கோபப்பட்டாலும் பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பாவுக்கு 74 வயது. ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கப்பலின் அடியில் நிற்கிற ஆள் காட்டும் கை ஜாடையை மட்டும் பார்த்து, டன் கணக்கில் சரக்கை இறக்கி வைத்த மனிதர். அவருடைய கண்ணைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலையையே குறை சொன்ன மாதிரி எடுத்துக்கொள்வார். 1979ல் சிநேகிதர் ஒருவரின் ராஜ்தூத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினார். காலை ஊன்றாமல் ஒரே மூச்சில் போட்டதாக இன்றைக்கும் பேரப்பிள்ளைகளிடம் சொல்வார். அதற்கப்புறம் இந்த 47 வருஷத்தில், ஓட்டிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று அவரிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ராஜ்தூத் போய் ஸ்கூட்டர் வந்தது, ஸ்கூட்டர் போய் எக்ஸ்.எல். வந்தது. திருவொற்றியூர் ஹை ரோட்டில் மாட்டு வண்டியும் சைக்கிளும் போன காலம் போய், இரண்டு பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர்களும் நடுவில் ஷேர் ஆட்டோக்களும் ஓடுகிற காலம் வந்துவிட்டது. லைசென்ஸ் மட்டும் பல தடவை புதுப்பிக்கப்பட்டு, அதே எட்டின் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் ஜூலையில் ஒரு சாயங்காலம், ஏழு மணி இருக்கும். இடது பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பையனை அப்பாவின் வண்டி தட்டிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன், டியூஷன் முடிந்து வந்தவன். சைக்கிளோடு ரோட்டின் நடுப்பக்கமாகப் போய் விழுந்திருக்கிறான், பின்னாலேயே ஒரு டிரெய்லர் வந்திருக்கிறது, அந்த ஓட்டுநர் எப்படியோ நிறுத்திவிட்டார். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் குடும்பம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. போன் வந்து நான் கடையிலிருந்து ஓடியபோது பையன் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, அழவில்லை, ஆனால் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவன் அம்மா எங்கள் அப்பாவைத் திட்டவில்லை. "உங்க வயசுக்கு நான் எதுவும் பேசல ஐயா, கொஞ்சம் பாத்து வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். அப்பா திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கேருந்து வந்தான்னே தெரியலம்மா. எங்கேருந்து வந்தான்னே தெரியல."

நாங்கள் எல்லோரும் அப்பாவைத்தான் நம்பினோம். நான் உட்பட. பசங்க இப்பல்லாம் அப்படித்தான் பாய்றாங்க என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அதற்காக இன்றைக்கும் அந்தப் பையனை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. வழக்கமாக வண்டியை அப்பாதான் கழுவுவார், அன்றைக்கு அவருக்கு முதுகு வலி என்று நான் கழுவினேன். சோப்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டே வரும்போதுதான் பார்த்தேன். இடது பக்கக் கண்ணாடியின் தண்டு வளைந்திருந்தது. இடது ஹேண்டில் நுனியில் ரப்பர் கிழிந்து இரும்பு தெரிந்தது. இடது பக்கக் கம்பியில் மஞ்சள், வெள்ளை, நீலம் என்று மூன்று நான்கு வண்டிகளின் பெயிண்ட் ஒட்டியிருந்தது, மஞ்சள் நிச்சயமாக ஏதோ ஒரு ஆட்டோவுடையது. எழுந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு கீறல்கூட இல்லை, புது வண்டி மாதிரி இருந்தது. சந்தனம் வைக்க வந்த கை அப்படியே நின்றுவிட்டது. பையனும் இடது பக்கத்திலிருந்துதான் வந்தான்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1819ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, எங்கள் பாட்டிக்குக் கண்புரை எடுத்ததும் அங்கேதான். முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிக்கு முந்தின வரி வரை படித்துவிட்டு, பாத்தியா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குமே நாம்தான் தேவையில்லாமல் பயந்துவிட்டோமோ என்று தோன்றியது. அதற்கப்புறம் கண் அழுத்தம் பார்த்தார்கள், பார்த்துவிட்டு இன்னொரு ரூமுக்கு அனுப்பினார்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு மெஷின். தாடையை அதில் பதித்து, நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்கே சின்ன வெளிச்சப் பொட்டு தெரிந்தாலும் கையில் கொடுத்திருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு டிக், டிக் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். இடது கண்ணுக்கு மாற்றியதும் ரூமில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாடையை எடுக்காமலே, "மெஷின் நின்னுடுச்சாம்மா?" என்று கேட்டார்.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கிளாக்கோமா என்றார் டாக்டர், கண் நீர் அழுத்த நோய். வலி கிடையாது. பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும், நேர் பார்வை கடைசி வரை நன்றாகவே இருக்கும். போன பார்வை திரும்ப வராது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். தெரியாத இடம் கறுப்பாகத் தெரியுமே, அது எப்படி அவருக்குத் தெரியாமல் போகும் என்று கேட்டேன். கறுப்பாகத் தெரியாதும்மா, இல்லாத இடத்தை மூளையே ஏதாவது போட்டு நிரப்பிக்கொள்ளும், அதனால்தான் இவ்வளவு லேட்டாக வருகிறார்கள் என்றார். அப்பா பொய் சொல்லவே இல்லை. அந்தப் பையன் எங்கிருந்து வந்தான் என்று அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்காது.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

2021 ஆகஸ்டில் அப்பாவுக்கு 70 வயதானபோது லைசென்ஸைப் புதுப்பிக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 1ஏ படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும் என்பது விதி. ஒரு கிளினிக்கில் வாங்கினோம். டாக்டர், சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்டார், அப்பா இல்லை இல்லை என்றார், கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. கண்ணை யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷமாக வெளியே வந்தேன். அந்த டாக்டரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆனால் வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தை இப்போது மறுபடி எடுத்துப் படித்தபோது இன்னொன்று புரிந்தது. அவர் ஒழுங்காகச் சோதித்திருந்தாலும் அப்பா தேறியிருப்பார். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கிற காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று படிவம் கேட்கிறது. அப்பாவுக்கு இன்றைக்கும் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா? தெரியும். மாலைக்கண் உண்டா? இல்லை. ஹார்ன் சத்தம் காதில் விழுமா? நன்றாக விழும். இடது பக்கத்திலிருந்து ஒரு குழந்தை சைக்கிளில் வந்தால் தெரியுமா என்று அதில் கேள்வியே இல்லை. நாம் ரோட்டில் நேராக மட்டுமா பார்த்து ஓட்டுகிறோம்? எங்கள் பக்கம் சந்தும் முட்டுச்சந்துமாகத்தான் இருக்கும், வருவதெல்லாம் பக்கவாட்டிலிருந்துதான் வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம், 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. லைசென்ஸுக்கு மேல் வயது வரம்பு என்று சட்டத்தில் எதுவும் இல்லை, அதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸ் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்தால் மட்டும் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்கிறீர்கள், தேதி தவறாமல் வந்தால் 70 ஆனாலும் 80 ஆனாலும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. தேதி தவறியவருக்கு ஓட்டத் தெரியுமா என்று சந்தேகப்படுகிற சட்டம், 47 வருஷத்தில் ஒரு மனிதனின் கண்ணும் கழுத்தும் காலும் என்ன ஆகியிருக்கும் என்று சந்தேகப்பட வேண்டாமா?

கழுத்து, கால் என்று சும்மா சொல்லவில்லை. வயசாக ஆக எது எது போகிறது என்று இந்த மூன்று மாதத்தில் நிறைய விசாரித்தேன். 60 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். கண்புரை ஆரம்பித்துவிட்டால் எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி விரிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி போகிற ஒவ்வொரு பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள். கழுத்து திரும்பவில்லை என்றால் பின்னால் வருவது தெரியாது. தூக்கத்துக்கும் சளிக்கும் சாப்பிடுகிற மாத்திரையில்கூட மந்தம் தட்டும். எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு அண்ணனுக்கு 66 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. ஒரு நாள் டீ வாங்கிக்கொண்டு வரும்போது வலது கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடக்கிறது, அவருக்குத் தெரியவில்லை, பத்தடி நடந்து வந்துவிட்டார். அண்ணே செருப்பு என்று நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். அந்தக் காலால்தான் அவர் பிரேக் போட வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும், என் தம்பியே சொன்னான். ராத்திரி பைக் ரேஸ் விடுகிற பசங்களை விட்டுவிட்டுப் பெரியவங்களைப் பிடிக்கச் சொல்றியா என்று. நியாயமான கேள்வி. 2022ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 66.5 சதவீதம் 18லிருந்து 45 வயதுக்குள் இருந்தவர்கள். மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. பெரும்பாலான சாவுக்குக் காரணம் அதிவேகம், அதை எங்கள் அப்பாவின் எக்ஸ்.எல். செய்யவில்லை. அதே வருஷம் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இதையெல்லாம் கிழவர்கள் செய்தார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் வேகமாகப் போகிறவன் தான் வேகமாகப் போவது தெரிந்துதான் போகிறான். அவனை நிறுத்தப் போலீஸ் இருக்கிறது, கேமரா இருக்கிறது, அபராதம் இருக்கிறது. அப்பாவுக்குத் தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாது. அவரைப் போன்றவரை எந்தக் கேமராவும் பிடிக்காது. யாராவது ஒருவர் உட்கார வைத்துச் சோதித்தால்தான் உண்டு.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 75 ஆனால் வருஷா வருஷம் மருத்துவச் சோதனை, 85 ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும், அது வேண்டாம் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஓட்டுகிற மாதிரி கட்டுப்பாடுள்ள லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 70க்கு மேல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், ஆனால் நான் நன்றாக இருக்கிறேன் என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும். 2019 ஜனவரியில் ராணி எலிசபெத்தின் கணவர் பிலிப் 97 வயதில் தானே கார் ஓட்டிப் போய் இன்னொரு காரில் மோதினார், அடுத்த மாதம் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். 97 வயது வரை அரண்மனையிலும் அவரிடம் யாராலும் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் நான் எப்படிச் சொல்வேன்?

ஜப்பான் விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகேபுகுரோவில் 87 வயது மனிதர் ஒருவரின் கார் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து, சைக்கிளில் போன ஒரு தாயும் அவளுடைய மூன்று வயது மகளும் இறந்தார்கள். வண்டியில்தான் கோளாறு என்று அவர் வழக்கு முடியும் வரை சொன்னார், பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்று கோர்ட்டில் முடிவானது, 2021ல் ஐந்து வருஷம் சிறைத் தண்டனை. எங்கேருந்து வந்தான்னே தெரியல என்று அப்பா சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஊரில் 75க்கு மேல் லைசென்ஸ் புதுப்பிக்க ஞாபக சக்தி, புரிந்துகொள்ளும் சக்திக்குச் சோதனை உண்டு. 2022 மே மாதத்திலிருந்து, விதியை மீறிய பெரியவர்கள் ஓட்டியும் காட்ட வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. தானாக முன்வந்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பவருக்கு, இத்தனை காலம் வண்டி ஓட்டியவர் இவர் என்று அரசாங்கமே ஒரு அட்டை கொடுக்கிறது, பல ஊர்களில் அதைக் காட்டினால் பஸ்ஸிலும் டாக்சியிலும் சலுகை. அந்த 2019ல் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அப்படி ஒரு அட்டை கிடைத்தால் அதை பூஜை அறையில் மாட்டி வைப்பார், எனக்கு அவரைத் தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. டென்மார்க்கில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஞாபக சக்திச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். அப்புறம் ஆராய்ந்து பார்த்தால், வண்டி ஓட்டுகிற பெரியவர்களின் விபத்துச் சாவு குறையவில்லை, ஆனால் நடந்தும் சைக்கிளிலும் போகிற பெரியவர்களின் சாவு கூடியிருந்தது. காரை விட்டு இறங்கியவர்கள் ரோட்டில் இறங்கினார்கள், ரோடு அவர்களை விடவில்லை. நடைபாதை நன்றாக இருக்கிற டென்மார்க்கிலேயே இப்படி என்றால் எங்கள் கதியை யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டிலிருந்து கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு அப்பா நடந்து போவதென்றால், நடைபாதை இருக்கிற இடத்தில் கடை இருக்கும், கடை இல்லாத இடத்தில் வண்டி நிற்கும், இரண்டும் இல்லாத இடத்தில் தோண்டிப் போட்டிருக்கும். ரோட்டில்தான் நடக்க வேண்டும், டிரெய்லருக்கு ஒரு முழம் தள்ளி. 2022ல் நாட்டில் 32,825 பேர் நடந்து போகும்போது வண்டி மோதிச் செத்திருக்கிறார்கள். அதனால் சோதனை வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. வண்டியை விட்டு இறங்குகிறவர் கால் வைக்க ஒரு இடம் வேண்டும், அது மாநகராட்சியின் வேலை என்று நீங்கள் சொல்லலாம், சொன்னாலும் அவர்களிடம் கேட்டு வாங்குகிற வலு உங்களுக்குத்தான் இருக்கிறது, எனக்கு இல்லை.

பஸ்ஸும் அப்படித்தான். 2021லிருந்து அம்மா வெள்ளைப் பலகை பஸ்ஸில் இலவசமாகப் போகிறாள், அது அவள் வாழ்க்கையையே மாற்றிவிட்டது, நினைத்தால் திருவொற்றியூர் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறாள். சென்னையில் 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. நல்ல விஷயம். ஆனால் 10 டோக்கன் என்றால் போய் வர ஐந்து தடவை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த பெரியவருக்கு அதை மூன்று மடங்காக்குங்கள், மெட்ரோவிலும் சலுகை வாங்கிக் கொடுங்கள், தண்டையார்பேட்டையிலும் டோல்கேட்டிலும் ஸ்டேஷன் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, அவரால் ஏற முடியும். படி உயரமில்லாத தாழ்தள பஸ்கள் எங்கள் பக்கமும் நிறைய ஓடட்டும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. 70 ஆகிவிட்டதா, லைசென்ஸ் கிடையாது என்று ஒரே வெட்டாக வெட்டிவிடாதீர்கள். காசிமேட்டில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள், ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றிக்கொண்டு மீன்பாடி வண்டி ஓட்டுகிற எத்தனை பேர் நரைத்த தலையோடு இருக்கிறார்கள் என்று. அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. ஓட்டினால் சோறு. அந்த ஆட்டோ அண்ணனும் அப்படித்தான். 72 வயதில் கண்ணாடி மாதிரி பார்வையோடு ஓட்டுகிறவரும் இருப்பார், 50 வயதில் சர்க்கரையால் பார்வை போனவரும் இருப்பார். வயசு, எப்போதிலிருந்து கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற ஒரு மணி மட்டும்தான். 65ல் அந்த மணி அடிக்கட்டும், அப்போதிலிருந்து ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கண்புரை என்றால் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டு ஆபரேஷனுக்கு அனுப்புங்கள், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள், ஆறின பிறகு வந்து மறுபடி சோதனை கொடுக்கட்டும். பாட்டிக்குக் கண்புரை எடுத்த மறுவாரம், தெருவிளக்கு இவ்வளவு வெளிச்சமா என்று ஆச்சரியப்பட்டாள். சோதனையில் தோற்றவரில் பாதிப் பேரை நீங்கள் வைத்தியம் பண்ணியே திரும்ப ரோட்டுக்கு அனுப்ப முடியலாம்.

சோதனை என்று நான் கேட்பதும் பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. அந்த மெஷின் எல்லா இடத்திலும் வேண்டியதில்லை. டாக்டர் எதிரே உட்கார்ந்து, என் மூக்கையே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, பக்கவாட்டில் விரலைக் கொண்டுவந்து எத்தனை என்று கேட்டாலே பெரிய இழப்பு தெரிந்துவிடும், இரண்டு நிமிஷ வேலை. உள்ளங்காலில் மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கலாம். தோள் பக்கம் திரும்பிப் பார்க்க முடிகிறதா என்று பார்க்கலாம். 65க்கு மேல் இந்தச் சான்றை அரசு ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும் என்று வையுங்கள், எங்களுக்கு ஸ்டான்லி இருக்கிறது, எழும்பூர் இருக்கிறது. 70க்கு மேல் ஒரு பத்து நிமிஷம் நிஜ ரோட்டில் ஓட்டிக் காட்டட்டும். எட்டு வேண்டாம், முதுகு வலிக்கிறவர் எட்டில் காலை ஊன்றினால் அதில் என்ன தெரிந்துவிடப் போகிறது? சிக்னலில் வலது பக்கம் திரும்பச் சொல்லுங்கள், சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏறச் சொல்லுங்கள். தேறினால் முழு லைசென்ஸ், அரைகுறை என்றால் பகலில் மட்டும், வீட்டைச் சுற்றி மட்டும் என்று எழுதிக் கொடுங்கள். இதற்குச் சட்டம் டெல்லியில்தான் மாற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் எழுதி அனுப்பினால் அது ஒரு மாநிலத்தின் குரல், நான் எழுதினால் ஒரு கடிதம்.

ஆனால் ஒன்று இப்போதே உங்கள் கையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நோயாலோ குறைபாட்டாலோ ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி எந்த நேரத்திலும் மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். அதிகாரம் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும். நாங்கள் வந்து சொல்ல ஒரு வழி வையுங்கள். பெயர் வெளியே வராத மாதிரி, பெரியவருக்கு ஒரு சாதாரண நோட்டீஸ் மாதிரி போகட்டும், அழைத்துச் சோதித்துப் பாருங்கள், நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். பொய்ப் புகார் வரும், சொத்துத் தகராறில் அப்பன் மேல் பிள்ளை எழுதிப்போடுவான், எல்லாம் நடக்கும். சோதித்துவிட்டுத்தானே முடிவு செய்யப் போகிறீர்கள்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், பெற்ற அப்பாவிடம் வண்டிச் சாவியைக் கேட்பது போன்ற ஒரு காரியத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு ராத்திரி கேட்டேன். "முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவன்மா நான், ஒருத்தன் மேல ஒரு மூட்டை விழுந்ததில்ல" என்றார். அப்புறம் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மா என்னிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. நாலாவது நாள் சாவி டிவி மேல் இருந்தது, அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. இப்போது வண்டி வாசலில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. காலையில் பேப்பர் படித்துவிட்டுத் தார்ப்பாயை எடுத்து ஒரு துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடி வைக்கிறார். மார்க்கெட்டுக்கு நடந்து போகிறார், நான் கடையில் இருக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதையே நீங்கள் சோதித்துச் சொல்லியிருந்தால், அரசாங்கத்தின் மேல் கோபப்பட்டிருப்பார், மகளோடு சேர்ந்து திட்டியிருப்பார், அதை நாங்கள் தாங்கிக்கொண்டிருப்போம்.

அவருடைய லைசென்ஸ் இந்த வருஷம் ஆகஸ்டில் முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன் என்கிறார், ஓட்டாவிட்டாலும் கையில் இருக்கட்டும் என்கிறார், நான் தடுக்கப் போவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பழைய அட்டையை பிளாஸ்டிக் கவரில் வைத்து எடுத்துக்கொண்டு வருவார். தயவுசெய்து அவரை நிற்க வைத்துக் காகிதத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், ஹார்பரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். அப்படியே வலது கண்ணை மூடச் சொல்லி, இடது பக்கமாக உங்கள் கையைக் கொண்டுவந்து எத்தனை விரல் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிரேன் ஆபரேட்டரின் மகள்,
பழைய வண்ணாரப்பேட்டை